எடைமேடை

லாரி ஏறியதும் எண் ஓடி ஓடி நிற்கும்.
பதினெட்டாயிரத்து நானூறு.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது
எட்டாயிரத்துச் சொச்சம்.
சிலிம் ரிவர் செம்பனை மில்லில்
பதினோரு வருடமாய் இதுதான் என் வேலை,
கழித்து எழுதுவது.

ஒரு மத்தியானம் மேடை காலியாய்க் கிடந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு நானே ஏறினேன்.
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
நாற்பது, என்றது.
ஆஸ்பத்திரித் தராசில் நான் நாற்பத்து மூன்று.
அந்த மூன்று கிலோவில்தான்
என் குடல் இருந்திருக்க வேண்டும்.

"ரெண்டு குலைதான் நீ" என்று சிரித்தார்
கண்ணாடிக்குள்ளிருந்து ரொஹானி அக்கா.

ஆறு வருடம்.
தஞ்சோங் மாலிமிலிருந்து பீடோர் வரை
எந்த எண்ணெய் நிலையத்தில் கக்கூஸ் பூட்டாது,
எந்தக் கோயிலில் சாவி யாரிடம் இருக்கும்,
மனப்பாடம்.
குழாய்விட்டுப் பார்த்தார்கள். மாத்திரை தந்தார்கள்.
கடைசியில் அந்த உணவுக்காரப் பெண்,
என் மகள் வயதுதான் இருக்கும்,
"மாத்திரையை விடாதீங்க.
மூணு மாசம் தானியத்தை மட்டும் விட்டுப் பார்ப்போம்.
எல்லாருக்கும் கேட்காது" என்றாள்.

கோதுமையா?
அரிசியும்.

முதல் சோறு ஊட்டி
முடிவில் வாய்க்கரிசி போடுகிறவர்களிடம்
நடுவில் மட்டும் வேண்டாம் என்று
எந்த வாயால் சொல்வது?

அதைவிட,
தனபாலனிடம் எப்படிச் சொல்வது?
ரயில் நிலையத்துக்கு எதிரே ரொட்டி சானாய் வீசுகிறவர்.
முழங்கை மயிரில் மாவு, காது மடிப்பில் மாவு.
அவர் படுத்து எழுந்த தலையணையைத் தட்டினால்
ஒரு ரொட்டிக்கு ஆகும்.

"அப்ப நீ என்னத்தைத் திம்பே?"
கோபமில்லை அதில்.
காலையில் முந்நூறு பேருக்குப் பசியாறக் கொடுக்கும் கை
எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்
மடியில் கிடந்தது.

முட்டை. பூசணி. கெம்போங் மீன்.
மரவள்ளி, மரவள்ளி, மறுபடி மரவள்ளி.
தாப்பா கல்யாணத்தில் நான் டப்பாவைத் திறந்ததும்
"ஜப்பான்காரன் காலம் வந்திருச்சா?" என்றார் ஒருவர்.
நாத்தனார் இந்திராணி குனிந்து, "விரதமா?"
வெறும் இலை முன்னால் உட்கார்ந்தவளை
மூன்று முறை கேட்டார்கள்,
சாப்பிட்டாச்சா?
ஆச்சு, கிழங்கு.
அது சரி, சாப்பாடு?

ஏழாவது வாரம், இரவு இரண்டு மணி.
வழக்கம்போல விழித்துவிட்டேன்.
வயிறு கூப்பிடும் என்று கிடந்தேன்.
சரக்கு ரயில் ஒன்று
பெட்டி பெட்டியாய்க் கடந்து போனது.
"போகலையா?" தூக்கத்திலேயே கேட்டார்.
"வரலை."
"என்ன வரலை?"
சிரிப்புதான் வந்தது, இருட்டில், இரண்டு பேருக்கும்.

அதற்காகக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
மழை பெய்த ஒரு காலை, கல்லிலிருந்து எழுந்த மணம்.
கால் ரொட்டி. பருப்புக் குழம்பில் தொட்டு.
கண்ணை மூடிக்கொண்டுதான் தின்றேன்.
மூன்று நாள் சுவரைப் பிடித்து நடந்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த திங்கள், கடை விடுமுறை,
நகத்தை வெட்டி, எலுமிச்சை போட்டு
முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு
மரவள்ளியைத் துருவிப் பிழிந்து பிசைந்தார்.
பழக்கத்தில் தூக்கி வீசியும் பார்த்தார்.
காற்றிலேயே கிழிந்து
பாதி அடுப்பில், பாதி காலண்டரில்.

காலண்டரில் ஒட்டியதைத் தவிர
எல்லாவற்றையும் தின்றேன்.

இப்போது நாற்பத்தாறு.
ஐம்பதைத் தாண்டினால் மேடை அறுபது என்னும்.
லாரி இல்லாத நேரம் பார்த்து ஏறி நிற்கிறேன்.
நாற்பதுதான், இன்னும்.
கண்ணாடியைத் தட்டுகிறார் ரொஹானி அக்கா.
இறங்கு, இறங்கு.
லாரி வருது.