வாடை

முதல் போர்டு எழுதக் கூப்பிட்டபோது
எஸ்கலின் அக்காவிடம் முன்பணம் இல்லை.
தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டகை,
இரண்டு கேஸ் அடுப்பு, மெழுகு உருக்கும் குண்டான்,
பாட்டில் கழுவ மூன்று பெண்கள்.
என்ன பேருக்கா என்றேன்.
வாடை, என்றார்.

வாடைன்னா நாத்தமில்லையா?
காத்தும்தான்டா.
ரெண்டும் இங்கதான் அடிக்குது, எழுது.

எழுதினேன். நீலத்தில் வெள்ளை.
'டை'யின் கொம்பு மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
பிற்பாடு லேபிள் அச்சடித்தபோதும்
அந்தச் சாய்வை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.
அதற்குக் காசு கேட்கலாமா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் ஏழு வருஷம்
ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜை.
அறைக்குள் போன வேகத்திலேயே திரும்பி இறங்கி
மூக்கைப் பொத்தியபடி புகார் சொல்பவர்களுக்கு
வெட்டிவேர்த் தண்ணீரில் எலுமிச்சைப்புல் எண்ணெய் கலந்து
அடித்துக் கொடுத்ததில் ஆரம்பித்தது எல்லாம்.
பத்து நிமிஷம் பொறுங்க சார்.
பத்தாவது நிமிஷம்
இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

சென்னைக்குப் போனது, கோவைக்கு, துபாய்க்கு.
அதிகம் விற்றது 'கடல் காற்று'.
அதில் கடல் கிடையாது.
வெள்ளரி, கொஞ்சம் தர்பூசணி,
மும்பையிலிருந்து டின்னில் வரும் ஏதோ ஒன்று.
சோழிங்கநல்லூரில் பதினான்காவது மாடியில்
நாலு குச்சி நட்ட பாட்டிலுக்குள்ளிருந்து
எங்கள் ஊர் வீசுகிறதாம்.

ஒரு வருஷம் அக்காவுக்குப் பிடிவாதம் வந்தது.
விரலில் துணி சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களிடம்
ஈரப் பாசி வாங்கி வடித்தார்.
காயும் வலை, நண்டு ஓடு, படகு எஞ்சின்
எல்லாம் ஒரு சொட்டு தெரியும்படி.
பெயர் 'தென்கடல்'.

அறுநூற்றுப் பதினொரு பாட்டில் திரும்பி வந்தது.
வீட்டில் யாரோ செத்துக் கிடப்பதுபோல் இருக்கிறது
என்று ஒருவர் எழுதியிருந்தார்.
அக்கா அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார்.
பாட்டில் கழுவும் பெண்களும் சிரித்தார்கள்.

அந்த ஐப்பசியில் ஒரு நாட்டுப்படகு கவிழ்ந்தது.
நாலாம் நாள் ஒதுங்கிய இரண்டு பேரை
ஆஸ்பத்திரிப் பின்கட்டில்
மீன் பெட்டிக்குப் போகவேண்டிய ஐஸ் பாளங்களுக்கு நடுவே
கிடத்தியிருந்தார்கள்.
ஒருவர், பாட்டில் கழுவும் ரோஸ்மேரியின் கொழுந்தன்.
கம்பவுண்டர் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்:
உங்க ஸ்ப்ரே ஒரு பெட்டி கிடைக்குமாம்மா?

பெட்டி கொடுக்கவில்லை.
போய்ப் பார்த்தார்.
கர்சீப்பை எடுக்காமல் நின்றார் என்று
கம்பவுண்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஆனிக்குள்
எட்டுத் தட்டு வைத்த குளிரறை, ஜெனரேட்டர்,
அதன் டீசலுக்கு மாதாமாதம் பணம்,
வெளியே காத்துக் கிடப்பவர்களுக்கு
ஒரு கூரை, மின்விசிறி, பெண்களுக்குக் கழிப்பறை.
புதுக் கொட்டகை கட்ட வைத்திருந்த பணம் அது.
பாட்டில்கள் இன்னும் தகரத்துக்குக் கீழேதான்.

போர்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்.
பேர் போட வேண்டாம்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்க்கா.
ஏன் வேண்டாம்? பெரிசாப் போடு.
ஏழு வருஷம் அந்த மேஜையில
எம் பேரை ஒருத்தரும் கேட்கலை.

சரி என்று பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியுமளவுக்கு
ச. எஸ்கலின், தங்கச்சிமடம்,
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
கூலியில் இருநூறு குறைத்துவிட்ட கோபத்தில்
கொம்பை இந்த முறை நேராகவே போட்டேன்.

பின்னால் வந்து நின்றவர்
டர்பன்டைன் டப்பாவின் மூடியைத் திறந்து
கண்ணை மூடி முகர்ந்தார்.
காடு மாதிரி இருக்கேடா, என்றார்.
இதை விக்க முடியுமா?
தலைவலிக்கும்க்கா.
இன்னொரு தடவை முகர்ந்துவிட்டு
மூடியை இறுக்கி வைத்தார்.

உள்ளே எட்டுத் தட்டும் காலி.
ஜெனரேட்டரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து
அணைத்தார்கள்.
வடக்கே கருவாடு காயும் திடலிலிருந்து
கூரைக்கடியில் காற்று நுழைந்தது.
யாரும் எதையும் அடிக்கவில்லை.