இலக்கங்கள் மட்டும்

மின்தூக்கியில் மூன்றுக்கு அடுத்த பொத்தான் ஐந்து.
நான்கின் உச்சரிப்பில் சாவின் சாயல் என்று
கட்டியவர் விட்டுவிட்டாராம்.
ஆகவே ஏழு வருடமாக
இல்லாத நான்கில் வேலை பார்க்கிறேன்,
ஜூரோங்கில், காட்சிப்பொருள் கிடங்கில்,
ஈரப்பதம் கொஞ்சம் கூடினாலும்
கத்தித் தீர்க்கும் ஒரு கருவியோடு.

செவ்வாய்க்கிழமை வந்தது இந்தத் தாள்.
மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியொன்றின் கடன் சீட்டு.
கொடுத்தது பெ. சித. நா. விலாசம்.
வாங்கியது லிம் பூன் ஹுவாட், அரிசி வியாபாரி.
சாட்சி ஒரு தொங்கான் கிராணி, மஸ்தூர்,
பெயருக்குப் பின்னால் நீளமாய் ஒரு கோடு இழுத்திருக்கிறார்.
மூவரும் ஒரே தொகையை
அவரவர் கையால் எழுதியிருக்கிறார்கள்,
ஒருவரை ஒருவர் நம்பாததாலோ
நம்பியதாலோ.

வருடியில் வைத்தேன். இயந்திரம் யோசித்தது.
தமிழ் வரிக்கு அது சொன்ன விடை:
தரு.

மரமா? கொடு என்கிறதா?
சிரித்துவிட்டேன். அதன்மேல் குற்றமில்லை.
௲ என்பது வாலை இழுத்துவிட்ட த,
௫ அசலாக ரு.
ஆயிரம், ஐந்து. அவ்வளவுதான்.
நூறு வரவில்லையென்றால் நூறைப் பற்றிப் பேச்சில்லை,
பத்துக்கென்று காலி நாற்காலி போட்டுவைப்பதில்லை.
ஆனால் அந்த வாலின்மேல் ஒரு மைக்கறை.
கறைக்கு அடியில் இருப்பது ௱ என்றால்
வெறும் நூற்றைந்து.

சியூ லான் உருப்பெருக்கியோடு வந்தாள்.
சந்தைக் கணக்கெழுத்து, சூச்சோவ் எண்கள் என்றாள்.
நிமிர்ந்து ஒரு கோடு. ஒரு வட்டம்.
பிறகு மடிப்பு, மடிப்பில் கிழிசல்,
கிழிசலுக்கு அப்பால்
சுருக்குப்போட்ட கயிறு மாதிரி ஐந்து.
"நடுவில் இன்னொரு வட்டம் போயிருக்கலாம்.
இல்லாமலும் இருந்திருக்கலாம்."

ரொஹானி ஜாவி வரியைப் படித்தாள்.
வலமிருந்து வந்த எழுத்து
எண்ணைக் கண்டதும் திரும்பி
இடமிருந்து நடந்தது:
கோடு, புள்ளி, புள்ளி, வட்டம்.
"அங்கே வட்டம் சுழியம்," என்று சியூ லானின் வரியைக் காட்டினாள்,
"இங்கே வட்டம் ஐந்து. எங்கள் சுழியம் புள்ளிதான்."
புள்ளி இரண்டு, அப்படியானால் ஆயிரத்தைந்து என்று
நான் எழுந்தேவிட்டேன்.
இரு, என்றாள்.
தாளை விளக்குக்கு எதிரே பிடித்தோம்.
ஒரு புள்ளி கறுப்பாகவே நின்றது.
மற்றதன் வழியே வெளிச்சம் வந்தது.

இராமபாணப் பூச்சி.
தொண்ணூறு வருடத்தில் என்றைக்கோ
வெறுங்காகிதத்தைக் கடித்துத்
தொள்ளாயிரம் வெள்ளியைக் கூட்டிவிட்டுப் போனதா?
அது சுழியத்தைத் தின்றதா
சுழியத்தை எழுதியதா?

மதியம் கீழே கடையில் ஒரே இரைச்சல்.
சியூ லானிடம் தொற்றிக்கொண்ட பழக்கத்தில்
கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டி
ஆறு வடை கேட்டேன்.
இரண்டு விரலைப் பார்த்தவர்
இரண்டு வடை கொடுத்தார்.

நாலு மணிக்கு, நுண்ணோக்கியின் அடியில்,
துளையின் விளிம்பில் பழுப்பாய் ஒரு பிறை,
வெட்டிப்போட்ட நகம் அளவுகூட இல்லை.
மை, என்றாள் சியூ லான்.
மையாகத்தான் இருக்கும், என்றாள் ரொஹானி.
அந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையில்
எவ்வளவு தூரம் என்று
யாரும் அளக்கவில்லை.

படிவத்தில் ஒரு பெட்டி: தொகை, இலக்கங்கள் மட்டும்.
௲௫ என்று தட்டினேன்.
செல்லாத மதிப்பு என்று சிவந்தது.
1 அழுத்தினேன், 5 அழுத்தினேன்,
நடுவில் திரும்பி வந்து,
பெ. சித. நா.வின் கணக்குப்பிள்ளை
ஒருபோதும் எழுதியிராத இரண்டு வட்டங்களை
ஒவ்வொன்றாக நுழைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

குறிப்புப் பெட்டிக்கு விதி ஏதுமில்லை.
இயந்திரம் முதலில் சொன்னதை
அழிக்காமல் அங்கே விட்டுவைத்தேன்.

விளக்கை அணைத்து மின்தூக்கிக்கு நின்றேன்.
ஐந்து.
மூன்று.