அடியில் ஓடியது

போஸ்னான். எண்பத்திரண்டு, பிப்ரவரி.
கதிர்ப் பாஸ்பரஸ் இன்னும் எல்லையில் நிற்கிறது.
பதினான்கு நாளுக்கொருமுறை பாதியாகும் சரக்கு.
சுங்க அதிகாரிக்கு அது தெரியாது.
தெரிந்தாலும் முத்திரை வெள்ளிக்கிழமைதான்.

வந்து சேர்ந்தபோது கால்வாசி உயிர் இருந்தது.
யாத்விகா ஸ்த்ருக் யாரையும் திட்டவில்லை.
படம் பதிய மூன்று நாள் என்றிருந்த இடத்தில்
பன்னிரண்டு என்று திருத்தினாள்.

கையுறையும் தட்டுப்பாடு.
கழுவிக் காயப்போட்டவை
ரேடியேட்டரின்மேல் விரல் விறைத்துக் கிடக்கும்.
ஆர்என்ஏவுக்கு மனித விரலைவிட எமன் இல்லை;
தொட்ட இடம் தூள்.

டிஎன்ஏ மூலப்பத்திரம், அறையைவிட்டு வெளியே வராது.
வெளியே வருவது படி.
படித்ததும் கிழிபடுவதற்கென்றே எடுத்த படி.
துண்டறிக்கையைப் படித்துவிட்டு
அடுப்பில் போட்டுக்கொண்டிருந்த அந்த ஊரில்
இதை மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கேட்டது சின்னக் கேள்வி:
மஞ்சள் லூபினின் வேர்முடிச்சில்
எந்த மரபணு எந்த வாரம் வாய் திறக்கிறது?
பதில் ஜெல்லின் மேற்பாதியில் கோடுகோடாய் வந்தது.
அடியில் மட்டும் எப்போதும் ஒரு கறை,
மழையில் நனைந்த மை மாதிரி.

நோட்டின் ஓரத்தில் எழுதினாள்:
சிதைவு. என் கை.
பிளேடால் அடியில் இரண்டு விரற்கடை வெட்டி
வாளியில் போட்டாள்.
பத்தொன்பது ஆண்டுகள்.
ஆட்சி மாறியது, பணம் மாறியது,
கையுறை பெட்டிபெட்டியாய் வந்தது.
வாளி அதே வாளி.

பிறகு ஹைடல்பெர்கில், இருட்டிய அரங்கில்,
யாரோ ஓர் இளைஞன் திரையில் ஜெல்லின் அடியைப் பெரிதாக்கிக் காட்டினான்.
இருபத்தோரு எழுத்தே நீளமானவை.
படியைத் தேடிப்போய் வாயடைப்பவை.
கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்,
மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம்.

ரயிலில் போகுமில் கேட்டான்,
'உடம்பு சரியில்லையா?'
'வாளியை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.'

கிடங்கில் ஒரே ஒரு படம் வெட்டுப்படாமல் இருந்தது.
அன்று பிளேடு மொண்ணை, அவ்வளவுதான் காரணம்.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
அடியில், ஆறாவது வாரத்தில் மட்டும் கறுப்பு.
அதுவாக இருக்கலாம்.
நிஜமாகவே சிதைவாகவும் இருக்கலாம்.
பழைய படத்திடம் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

ஆகவே சிதைவு என்ற சொல்லை விட்டுவைத்தாள்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.
என் கை என்பதைப் பென்சிலால் அடித்தாள்.

திங்கட்கிழமை புது லூபின், புது ஜெல்.
நீலச் சாயம் அடிவிளிம்பைத் தொட
இன்னும் நாற்பது நிமிடம் இருக்கையில்
மின்சாரத்தை நிறுத்தினாள்.