கன்னம் வைத்தவன்

பெட்டி வந்தது ஒரு புதன்கிழமை.
கொண்டுவந்தவர் வாசலில் வைத்துவிட்டு
மின்தூக்கிவரை பின்னாலேயே நடந்துபோய்க் கையசைத்தார்.
உள்ளே காய்ந்த சங்குப்பூ, ரம்பை இலை,
நீலமும் மஞ்சளுமாய்ச் சாயமேற்றிய அரிசி,
கம்பளித் துண்டு, தொட்டாலே மொடமொடக்கும் பொன்தாள்.
ஒரு சீட்டு: ‘இதில் தவறு என்று எதுவுமில்லை.’
சுகிர்தா அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள்,
மின்கட்டண ரசீதுக்கு மேல்.

நவிலன் என்றால் சொல்பவன்.
பெயர் வைத்தபோது எங்களுக்கு எதுவும் தெரியாது.
ஒன்பது வயதாகிறது, சொல் இன்னும் வரவில்லை.
வழியில் இருக்கிறது என்பேன் கேட்பவர்களிடம்.
பேருந்து ஓட்டுகிறவன் வேறெப்படிச் சொல்வான்?

முறியடிப்புக் காலம், பள்ளி மூடி ஐந்தாவது வாரம்.
கீழே சறுக்குமரத்தைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா.
ஒன்பதாம் மாடியில் அது படபடப்பது கேட்டு
காதைப் பொத்தி மேசைக்கடியில் போய்விடுவான்.
நான் இருக்கைதோறும் பெருக்கல் குறி ஒட்டிய வண்டியில்
ஈசூனிலிருந்து செம்பவாங்வரை
காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.
வீடு திரும்பினால் கையில் கிருமிநாசினி வாடை.
என் கையை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுப்பான்,
வீடு மாறி வந்த கடிதம்போல.

சனிக்கிழமை பத்து மணிக்குத் திரையில் பதினாறு கட்டங்கள்.
சக்கர நாற்காலியில் அதீலா,
கறுப்புக் கண்ணாடி போட்ட இரட்டையர்,
யாருடைய வழுக்கையோ மட்டும் தெரியும் ஒரு கட்டம்.
ஹுய் ஷான் பேசப் பேச
மூலையில் ஒருவர் அதையே கைகளால் சொன்னார்.
‘அரிசிக்குள் விரலை விடுங்கள். மழை கேட்கிறதா?’

எங்கள் வீட்டில் மழை கூரைவரை தெறித்தது.
கம்பளித் துண்டு சன்னல்வழி போகப் பார்த்தது, பிடித்துவிட்டேன்.
சுகிர்தா ஒன்றும் பேசாமல் படக்கருவியை மூடினாள்.
அந்தச் சீட்டு
மற்ற வீடுகளுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்கட்டில் துணிதுவைக்கும் இயந்திரம்
கடைசிச் சுற்றுக்கு வந்தது.
என் சீருடை, நான்கு முகக்கவசம், ஒரு போர்வை.
நவிலன் மேசைக்கடியிலிருந்து எழுந்துபோய்
அதன் பக்கவாட்டில் கன்னம் வைத்தான்.

கன்னம் வைத்தல் என்றால்
சுவரில் துளையிட்டுத் திருடுவது
என்று தமிழில் ஒரு பொருள் உண்டு.
என்னத்தைத் திருடினானோ.
பல் தந்தியடித்தது. இமை அதிர்ந்தது.
தொண்டையிலிருந்து ம்ம்ம் என்று ஒன்று புறப்பட்டது,
இயந்திரத்தின் அதே சுருதியில், மயிரிழை பிசகாமல்.

ஒலிவாங்கியை மூட மறந்திருந்தோம்.

‘யார் அது?’ என்றார் ஹுய் ஷான்.
சுகிர்தா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.
‘இல்லை, இல்லை. என்ன செய்கிறார், சொல்லுங்கள்.’
சொன்னோம்.
‘எல்லாரும் எழுந்து போங்கள். உங்கள் வீட்டில்
எது நடுங்குகிறதோ அதைத் தேடுங்கள்.’

கட்டங்கள் காலியாயின.
வெறும் நாற்காலிகள். ஒரு பூனை.
பிறகு எங்கிருந்தோ ஒரு ம்ம்ம், இன்னொரு ம்ம்ம்.
குளிர்பதனப் பெட்டி, மீன்தொட்டியின் காற்றுக்குழாய்,
இரட்டையர் ஆளுக்கொரு பக்கம் மேசைவிசிறி.
அதீலா தன் அப்பாவின் முதுகில்.
அவளுக்காக அவர்
கடைச் சாமான் பட்டியலை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.
காது கேளாத பையன் ஒருவன்
அரிசி வேகும் பானையைத் தொட்டுவிட்டு வந்து
இது கோபமாக இருக்கிறது என்று கையால் சொன்னான்.
மூலையில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நவிலன் போர்வையைவிட்டு வெளியே வரவில்லை.
அதற்கடுத்ததில் ரம்பை இலையைத் தின்றான்.
சோபாவுக்கடியில்
இன்றைக்கும் ஒரு நீல அரிசி கிடைக்கும்.

அன்று இரவு கடைசி நடை முடிந்து
நிலையத்தில் முகக்கவசத்தை இறக்கிவிட்டு
பக்கத்துக் கண்ணாடியில் கன்னம் வைத்துப் பார்த்தேன்.
காவலர் டார்ச்சோடு வந்தார்.
உடம்புக்கு முடியலையா அண்ணே?
தலையாட்டினேன்.
நின்ற வண்டியில் இயந்திரம் ஓடினால் அபராதம் உண்டு.
இன்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டேன்.