உப்பு எண் பதினேழு

ஊதினால் பாலாகும் என்றார்கள், சுண்ணாம்புத் தண்ணீர்.
ஒன்பதாம் வகுப்பில்
ஜூஸ் கடை ஸ்ட்ரா வைத்து முப்பத்தெட்டுப் பேர் ஊதினோம்.
டெல்பினாவுடையது முதலில் வெளுத்தது.
எர்ணாவூரிலிருந்து சைக்கிளில் வருகிறவள்,
வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகளோடு
மூச்சைப் பங்குபோட்டவள்,
ஜெயிக்காமல் இருப்பாளா?
நிறுத்தச் சொல்லியும் ஊதிக்கொண்டே இருந்தாள்.
பால் மறுபடி தண்ணீராகிவிட்டது.
அதற்கும் ஒரு சமன்பாடு உண்டு என்று
பிரமிளா மிஸ் சாக்பீஸை எடுப்பதற்குள்
மணி அடித்தது.

எங்கள் லேபில் ஜன்னல்கள் ஆறு.
மூன்று திறக்காது.
திறக்கிற மூன்றின் வழியே தெருவும் பிராக்டிகலுக்கு வரும்.
'அழுகிய முட்டை நாற்றம்' என்று
புத்தகம் சொன்னதும்
யார் குழாயிலிருந்து என்று தெரியாமல்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.
பக்கிங்காம் கால்வாய்க்கு ரோல் நம்பர் கிடையாது.

அப்பாவுக்குக் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி.
திடப்பொருளுக்குத் திட்டமான உருவம் உண்டு,
திட்டமான பருமன் உண்டு என்று
சத்தம்போட்டு மனப்பாடம் செய்த ராத்திரி
சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.
"வண்டில ஏத்தும்போது பாரு அம்பது கிலோ.
போட்டாண்ட எறக்கும்போது எத்தினி?"
மீதி எங்கே என்றேன்.
"ரோட்டுல."

அவர் சட்டையை மட்டும் அம்மா தனி வாளியில் ஊறவைப்பாள்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் கசக்குவாள்.
அந்த வாசனைக்கு வீட்டில் பேர் இல்லை.
'கம்பெனி' என்போம், அவ்வளவுதான்.
ஒருநாள் நடுராத்திரி போனில்
யாருக்கோ கத்திக்கொண்டிருந்தார்:
"வால்வ வுட்டுட்டு வாடா,
துண்ட நனைச்சி மூக்குல கட்டிக்கினு வாடா."

பதினொன்றில் நீரூற்றுச் சோதனை.
உருண்டைக் குடுவை போன வருஷமே உடைந்திருந்தது,
மிஸ் போர்டில் வரைந்தார்.
ஒரு லிட்டர் தண்ணீர்
எழுநூறு லிட்டர் அம்மோனியாவைக் குடித்துவிடுமாம்.
குடித்த இடம் காலியாகிவிட
கீழிருந்து தண்ணீர் பீச்சியடிக்குமாம்.
எல்லாரும் ஊற்றை வரைந்து நீலம் தீட்டினார்கள்.
எனக்கு அது துண்டாகத் தெரிந்தது.
பச்சைக் கரை போட்ட,
ஓரம் பிரிந்த, ஈரத் துண்டு.

பப்ளிக் பிராக்டிகலில் எனக்கு உப்பு எண் பதினேழு.
வெள்ளை. நீரில் கரைந்தது.
காரம் நாலு சொட்டு விட்டு
அடுப்பில் காட்டுவதற்கு முன்பே
கம்பெனி வந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர்
கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டார்:
"வாயுவை எப்படி முகரணும்?"
தள்ளிப் பிடித்து, கையால் விசிறி, சார்.
"நீ விசிறலையே."
நான் முகரவே இல்லை சார், அதுவாக வந்தது.
பென்சிலால் ஏதோ குறித்தார்.
அரை மார்க்காக இருக்கும்.

பிறகு கண்ணாடிக் கோலை
அமிலத்தில் தோய்த்துக் குழாயின் வாயருகே கொண்டுபோனேன்.
அடர்ந்த வெண்புகை.

பதினேழு வருஷமாக
காலரில் வரும், தலையணையில் வரும்,
பள்ளிக்கூடத்துக்குக் கட்டித் தருகிற சோற்றில்கூட ஒருதரம் வந்தது.
முகம் காட்டியதே இல்லை.
இப்போது கோலின் நுனியில்
சாம்பிராணி மாதிரி சுருண்டு
கொஞ்ச நேரம் நின்றது.
அப்புறம் பக்கத்து மேஜைக்கு நகர்ந்தது,
டெல்பினா தும்மினாள்.

'அறிவது' என்ற கட்டத்தில்
'அம்மோனியம் இருக்கலாம்' என்று எழுதினேன்.
இருக்கலாம் என்றுதான் எழுத வேண்டும்.
இருக்கிறது என்று எழுத
இன்னொரு சோதனை பாக்கியிருக்கிறது,
பழுப்பு வீழ்படிவு வர வேண்டும்.
வீட்டில் நாங்கள் அவ்வளவு காத்திருந்ததில்லை.

குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
திறக்கிற ஜன்னல் ஒன்றின் ஓரம் நின்றேன்.
காற்று மணலிப் பக்கமிருந்து.
கை தானாக விசிறிப் பார்த்தது.