வலிக்கவில்லை என்றான்

தொலைநோக்கியில் முதலில் படித்தது
பெயரை அல்ல, எண்ணை.
ஆரஞ்சுத் தகட்டின் மேல்பாதியில் அறுபது:
நஞ்சு.
கீழே இருபத்து மூன்று, பன்னிரண்டு:
உருகிய ஃபீனால்.
காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு
முந்நூறு மீட்டர் தள்ளி நின்றோம்,
ஒன்றும் செய்யாமல்.
ஒன்றும் செய்யாமல் நிற்பதும் வேலைதான் என்று
தொலைக்காட்சிக்காரர்களுக்கு யார் சொல்வது?

எஸ்தோனியாவின் கிழக்கு ஓரம். பிப்ரவரி.
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
வளைவில் சறுக்கிய டேங்கர்
பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடந்தது.
அறுபது டிகிரிச் சூட்டில் ஏற்றி அனுப்பிய திரவம்
வால்வோரம் ஒழுகி, பனியைத் தொட்டு,
ஒரு பெருமூச்சு ஆவி விட்டு
படிகமாய் உறைந்தது.
வெள்ளை மேல் வெள்ளை.
எதுவரை பனி, எதுமுதல் நஞ்சு?
விளிம்பில் கசிந்த இளஞ்சிவப்பை நம்பித்தான்
கொடி நட்டோம்.

டிரைவர் கென்னாதி தானாகவே நடந்து வந்தான்.
கம்பளிக் கையுறையோடு
வால்வை மூடப் பார்த்திருக்கிறான்.
சிகரெட் இருக்கிறதா என்றான்.
முதலில் எரிந்தது,
இப்போது வலிக்கவே இல்லை,
எனக்கு ஒன்றுமில்லை என்றான்.
ஐவார் என்னைப் பார்த்தார்.
நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

வலிக்கவில்லை என்பதுதான் அதன் கையெழுத்து.
நரம்பின் வாயைப் பொத்திவிட்டு
ஆற அமர உள்ளே நடக்கும்,
சிறுநீரகம் வரை, இதயம் வரை.
கையுறையை அறுத்து உரித்தால்
நனைந்த காகிதமாய் விரல்கள்.
கொஞ்சமாய்த் தண்ணீர் ஊற்றினால் பரப்பிவிடும்,
ஊற்றுவதென்றால் அருவியாய் ஊற்றவேண்டும்.
அந்தக் குளிரில் அருவிக்கு எங்கே போக?
கொழகொழவென்ற கிளைகாலைப்
புட்டி புட்டியாய்க் கவிழ்த்துத்
துடைத்தேன், துணியை எறிந்தேன், துடைத்தேன்.
மகளுக்கு ஃபோன் செய்யவேண்டும் என்றான்.
எந்தக் கையால் என்று நான் கேட்கவில்லை.

அங்கே லேலோவும் தாவியும்
முதுகில் முப்பது நிமிடக் காற்றோடு
மதகை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.
மிதக்கும் தடுப்பு இதற்கு உதவாது;
இது மிதக்காது, மூழ்கும், பிறகு கரையும்.
மண்தான் வேண்டும்.
மண்ணோ கல்லாய் உறைந்து கிடக்கிறது.
தடைக்கயிற்றருகே ஹில்யா வந்தாள்:
கூசே ஓடையில்தான்
என் குதிரைகள் தண்ணீர் குடிக்கின்றன.
இனிமேல் குடிக்கக்கூடாது என்றோம்.
எத்தனை நாள் என்றாள்.
தெரியாது என்றோம்.
ஒரு சொல் பேசாமல் திரும்பிப் போனாள்.
முக்கால் மணியில் டிராக்டர் நிறையக்
களிமண்ணோடு வந்தாள்,
கொட்டகைக்குள் உறையாமல் வைத்திருந்த களிமண்.
காற்றின் எந்தப் பக்கம் நிற்பதென்று
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
சரியான பக்கம் நின்றாள்.

என் வேலை கழுவுவது.
வாத்துப் படம் போட்ட
குழந்தைகள் குளிக்கும் ரப்பர்த் தொட்டி.
அதில் நின்ற லேலோவை
நீளத் தூரிகையால் தேய்த்தேன்,
தோள், அக்குள், முழங்கால் மடிப்பு.
சட்டைக்கை பலகையாய் விறைத்தது.
முகமூடிக்குள் சிரித்தாளா அழுதாளா
மூடுபனியில் தெரியவில்லை.
கழுவிய தண்ணீரும் கைதிதான்;
பீப்பாயில் அடைத்து முத்திரை வைத்தோம்.

வீட்டுக்கு வந்தும் மூக்கில் அந்த வாடை.
ஆஸ்பத்திரி வாடை, பள்ளிக் கழிவறை வாடை,
சுத்தம் என்று எனக்குப் பழக்கிய வாடை.

பதினோராம் நாள் கென்னாதி ஃபோன் செய்தான்.
இரண்டு விரல் போயிற்று,
மற்றவை வலிக்கின்றன,
ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்றான்.
நல்லது என்று
வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
சற்று நேரம் மௌனம்.
பிறகு அவனும் ஆமாம் என்றான்.

ஓடை ஃபோன் செய்வதில்லை.
செவ்வாய்தோறும் போகிறேன்.
பனிக்கட்டியில் துளையிட்டு,
மண்டியிட்டு,
பழுப்புக் குப்பியில் மொண்டு,
தேதி எழுதுகிறேன்.