எடைச்சீட்டு

பன்னிரண்டரைக்கு மேல் லாரி வராது.
முத்தூர் ரோடு தார் இளகிக் கிடக்கும்.
எதிர்க்களத்தில் தேங்காய்ப் பருப்பு
வெள்ளை வயிற்றைக் காட்டிக் காயும்.
அப்போதுதான் அவை எழும்.

எழும் இடத்தை நான் பார்த்ததே இல்லை.
திரும்புவதற்குள்
இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டிருக்கும்,
கையில் நாலு வேலஞ்சருகும்
ஒரு முறுக்குப் பையுமாக.

எடைமேடை நோட்டின் கடைசிப் பக்கங்களில்
ஏழு வருடமாக எழுதி வருகிறேன்:

மாசி 19. கொறங்காட்டுக் கடவில் கிளம்பியது.
கிளுவை வேலியில் மோதிச் செத்தது.
பங்குனி 4. இரண்டு. ஒன்றை ஒன்று தின்றது.
பங்குனி 5. இல்லை. சூரியனைச் சுற்றி வட்டம்.
சித்திரை 11. கல்மழை, ரோட்டுக்கு அந்தப்புறம் மட்டும்.
இந்தப்புறம் நின்று
கையை மட்டும் நனைத்துக்கொண்டேன்.

இடஞ்சுழி இருபத்திரண்டு, வலஞ்சுழி பத்தொன்பது.
காற்றுக்குக் கட்சி கிடையாது.

"ஏனம்மணி, இதுல என்ன வருமானம்?"
முதலாளி நாட்ராயண்ணன் கேட்டார்.
"ஒண்ணுமில்லீங்."
உண்மைதான்.

பருத்திக்கொட்டை ஏற்றிவரும் அர்த்தநாரி சொல்வார்:
"பேய்க்காத்துங்க. மூணுவாட்டி துப்புங்க, வெலகிரும்."
விலகுவதா?
ஒருநாள் ஓடிப்போய் உள்ளே நின்றேன்.
கண்ணில் மண். பல்லில் மண்.
துப்பட்டா தலைக்கு மேல்
கம்பம் போல நின்றது.
நடுவில் அமைதி இருக்கும் என்று
எதிலோ படித்திருந்தேன்.
நடுவில் கோழிப்பண்ணை வாடை இருந்தது.

போன சித்திரை, இருபத்தி மூன்று.
ஒன்று ரோட்டைத் தாண்டியது,
இருபக்கமும் பார்த்துக் கடக்கும் ஆள் போல
நடுவில் ஒரு கணம் நின்று.
மேடை இரும்பின் மீது ஏறியது.
திரையின் சிவப்பு எண்கள்
பூஜ்யத்தில் தூங்கிக்கொண்டிருந்தவை,
லேசாக நடுங்கின.
பிறகு
கழித்தல் பத்து.
கழித்தல் இருபது.

அறுபது டன் தாங்கும் மேடையை
சருகு சுமந்து வந்தது
மேலே இழுத்துப் பார்க்கிறது!
மூன்று நொடி இருக்கும்.
பொத்தானை அழுத்திவிட்டேன்.

கரகரவென்று வந்தது சீட்டு.
வண்டி எண் இல்லை. சரக்கு இல்லை.
எடை: -20 கிலோ. மணி 12.47.
கட்டணம் அறுபது ரூபாயை
என் பர்ஸிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டேன்.

சாயங்காலக் கணக்கில் நாட்ராயண்ணன்
அதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.
"மெசினு போயிருச்சாட்ட இருக்குது.
ஆளை வரச் சொல்லோணும்."

ஆள் வந்தார், கோவையிலிருந்து, தொப்பி போட்டுக்கொண்டு.
இருபது கிலோ கட்டிகளை
ஒவ்வொரு மூலையாக வைத்து எடுத்தார்.
மேடைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார்.
டீ குடித்தார்.
'எடையில் பிழை ஏதும் இல்லை' என்று எழுதி
சீல் குத்திக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதமும்
என்னிடம்தான் இருக்கிறது.